காலையில் ஏற்றும் சுமை: யாழ்ப்பாணக் கூரியர் கிளை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோகும் பிள்ளை விழுந்துவிட்டால், "வேகமாக ஓடியிருப்பான்" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. வேகமும் காரணம்தான். ஆனால் விழுத்தும் காரணங்களில் பல, வண்டி கிளை வாசலை விட்டு வெளிக்கிட முன்னரே அதில் ஏறிவிடுகின்றன. அவற்றை இறக்கிவைக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் சாரதிகளுக்கு அல்லாமல் உங்களுக்கு.

முதலில் சுமை அடுக்கும் முறை. இறக்கும் ஒழுங்கில் அடுக்குவது கிளைகளில் வழக்கம். முதல் வீட்டுக்குப் போகும் குக்கர் பெட்டி உச்சியில் இருக்கும், கடைசி வீட்டுக்குப் போகும் சேலை அடியில் கிடக்கும். இப்படி அடுக்கினால் பாரம் மேலே ஏறிவிடும். பின் கரியரிலோ பாரம் பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சில்லின் பிடியைக் குறைக்கும். ஹாண்டில் ஆடத் தொடங்கும். ஈர வீதியில் முன்பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் சில்லு இறுகி வழுக்கிவிடும். பாரமானவை அடியில், சீற்றை ஒட்டி இருக்கவேண்டும். இலேசானவை மேலே, அதுவும் சாரதியின் தோளுயரத்தைத் தாண்டாமல். பாரப் பெட்டிகளை அன்றைய முதல் சில வீடுகளுக்குரியவையாகத் தெரிவுசெய்து தனியாகக் கட்டுங்கள், இல்லையென்றால் ஓட்டோவில் அனுப்புங்கள். முதுகுப்பையில் பாரம் சுமக்க விடவேண்டாம்.

கொழுக்கி வைத்த ரப்பர் கயிற்றை நிறுத்துங்கள். ஒரு கொழுக்கி கழன்றாலே கயிறு செயினிலோ பின்சில்லிலோ சுற்றிக்கொள்ளும். பூட்டு வைத்த நைலோன் பட்டி இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மிஞ்சும் நுனியை முடிந்துவிடுங்கள். ஓடத் தொடங்கியதும் பெட்டிகள் அமர்ந்து பட்டி தளரும். ஆகவே முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்கவேண்டும். பெற்றோல் தாங்கிக்கு மேல் பெட்டி வைத்தால், புறப்படுமுன் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டியில் முட்டினால் அந்தப் பெட்டி அன்று போகக்கூடாது.

பின் ரயருக்கு, பின்னால் ஆள் இருக்கும்போது அடிக்கவேண்டிய காற்றின் அளவை வண்டியின் கைநூல் தனியாகச் சொல்லும். சுமை ஏற்றும் வண்டிக்கு அந்த அளவுதான். காலையில், ரயர் சூடாக முன்னர் பார்க்கவேண்டும். பாரத்தில் பின்புறம் அமர்ந்தால் முன் லைற் மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சுமையோடு நிறுத்தி வைத்தே லைற்றைச் சரிபாருங்கள். பலரும் கவனிக்காத வேலை இது.

அடுத்தது காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில், தீவகத்துக்குப் போகும் பண்ணைப் பாலம், வல்லைவெளி, பூநகரிக்குப் போகும் வழியில் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் ஆகிய இடங்களில் பனையோ மதிலோ மறைப்புக்கு இல்லை. அரை மீற்றர் உயரமும் ஒரு மீற்றர் நீளமுமான சுமைப் பக்கத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று நேரே மோதினால் ஏறத்தாழ மூன்று கிலோ தள்ளல். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு, பன்னிரண்டு கிலோ. பக்கத்தால் பஸ் கடக்கும் கணத்தில் அந்தத் தள்ளல் விட்டுத் திரும்பவும் அடிக்கும், வண்டி பாதை மாறுவது அப்போதுதான். தீவகத்துக்கும் பூநகரிப் பக்கத்துக்கும் போகும் வண்டியில் அகலமான, இலேசான பெட்டிகளை ஏற்றாதீர்கள். காற்றுக்கு அதிகம் ஆடுவது அவைதான்.

காங்கேசன்துறை ரயில் பாதை 2015இல் திரும்பத் திறந்தது. கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கத்து ஒழுங்கைகளில் அதைக் கடக்காமல் பார்சல் வேலை இல்லை. மழைக்கோட்டின் தலைமூடியை ஹெல்மெட்டுக்கு மேல் இழுத்துவிட்டால் பக்கப்பார்வை போய்விடும், மணிச்சத்தமும் மங்கும். தலைமூடி இல்லாத, பளிச்சென்ற நிற மழைக்கோட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். நனைந்த தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சில்லு வழுக்கும். நேர் குறுக்காக, பிரேக் பிடிக்காமல் கடக்கவேண்டும்.

இனிப் போன். இங்கே பல ஒழுங்கைகளில் வீட்டிலக்கத்தை வைத்து வீடு பிடிக்க முடியாது. "வைரவர் கோயிலடி, பச்சைப் படலை" என்றுதான் வழி சொல்வார்கள். அதைக் கேட்கச் சாரதி ஓடிக்கொண்டே கோல் எடுக்கிறார். மணிக்கு 40 கிலோமீற்றரில் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீற்றர் போகும். இரண்டு வினாடி போனைப் பார்த்தால் 22 மீற்றர் குருட்டு ஓட்டம். அதற்குள் ஒரு கட்டாக்காலி மாடு வீதிக்கு ஏறிவிடும். முதல்நாள் பின்னேரமே கிளையிலிருந்து வாடிக்கையாளருடன் பேசி, அடையாளத்தைப் பார்சலில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். சாரதியின் போன் ஓட்டத்தில் மௌனமாக இருக்கட்டும். ஒவ்வொரு படலையிலும் நின்று அவரே திருப்பி எடுப்பார். "எங்கே நிற்கிறாய்" என்று கேட்க நீங்கள் எடுக்கும் கோலும் இதற்குள் அடக்கம்.

நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. மிச்சப் பார்சல் கிளைக்குத் திரும்பட்டும், அதற்காகக் காசு வெட்டாதீர்கள். வெட்டினால் அடுத்தவர் கடியை மறைப்பார், விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது மிக அரிது.

விழுந்தவருக்கு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். அந்த இலக்கத்தைச் சாரதியின் இரத்த வகையோடு பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி அவருடைய சொந்தக் காயத்துக்குப் பணம் தராது. வேலையில் நேரும் காயத்துக்கு நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நியமனக் கடிதம் இல்லாமல் தரகுக்கு ஓடும் பிள்ளை, தான் உங்கள் வேலையாள் என்பதையே நிறுவ முடியாமல் நிற்கிறார்.

ஐப்பசி மழை தொடங்க முன்னர் நியமனக் கடிதமும் நைலோன் பட்டியும் மழைக்கோட்டும் ஒவ்வொரு சாரதியின் கையிலும் இருக்கவேண்டும். மழைநாளில் ஒருவருக்குக் கொடுக்கும் பார்சல் எண்ணிக்கையை எவ்வளவு குறைப்பீர்கள் என்பதையும் எழுதிக் கிளைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
பார்சல் ஏற்றுவதையும் மோட்டார் சைக்கிள் திருத்துவதையும் தொழிலாகக் கொண்ட சிலர்,
யாழ்ப்பாணம்.