பெயிண்டரை நிறுத்தி வை

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அப்பாவின் வீட்டைக் காலி செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து வாடகைக்கு விடப் போவதாக. படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

அந்தக் கட்டடத்தை வரைந்தவரும் உன் அப்பா, அதன் மேல்தளத்தில் முப்பது வருஷம் குடியிருந்தவரும் அவர். வரையும்போது கையின் நிழல் தாளில் விழக்கூடாது என்று மேஜைக்கு இடப்பக்கம் ஜன்னல் வைத்தாரே, நினைவிருக்கிறதா? அதை வேறு எந்த வீட்டில் போய்ப் பார்ப்போம்?

போன வருஷம் பாரிஸ் போனபோது, நகரின் எல்லையில் லெ கார்பூசியே வாழ்ந்த வீட்டைப் பார்த்தேன். சண்டிகரை வடிவமைத்தவர்தான். தான் கட்டிய அடுக்குமாடியின் மேல் இரண்டு தளங்களைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, 1934ல் மனைவி இவோனோடு குடிவந்தார். 1965ல் இறக்கும்வரை அதுதான் வீடு. ஓவியக்கூடத்தில் ஒரு பக்கச் சுவர் பூச்சே இல்லாமல் கரடுமுரடான கல்லும் செங்கல்லுமாக நிற்கிறது. அதற்கு மேலே வழவழவென்று வெள்ளை வளைவுக்கூரை. படுக்கையறையில் கட்டிலின் கால்கள் விசித்திரமான உயரம். ஏன் என்று கேட்டேன். படுத்தபடியே கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே பார்க்கத்தானாம். அந்தக் கட்டிலை மியூசியத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் வெறும் உயரமான கட்டில், அவ்வளவுதான்.

2018ல் சீரமைப்பு முடித்துத் திறந்திருக்கிறார்கள். சுவரில் அங்கங்கே பூச்சை ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டி, எந்தக் காலத்தில் என்ன நிறம் இருந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு வந்ததுதான் பெரிய கேள்வி: எந்த வருஷத்து வீட்டை மீட்பது? 1934ன் புத்தம்புது வீட்டை நோக்கிப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் கடைசியாக விட்டுச்சென்ற 1965ன் நிலையை எடுத்துக்கொண்டார்கள். இடைப்பட்ட வருஷங்களில் அவரே செய்த மாற்றங்களும் அவர் வேலைதானே! அதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது. உன் அப்பா பிற்காலத்தில் அடைத்த பால்கனியை ‘அசல் இல்லை’ என்று இடித்துவிடாதே.

அதே பாரிஸில் இன்னொரு கட்டடக் கலைஞர் எக்தோர் கிமார். மெத்ரோ ரயில் நிலைய வாசல்களில் கொடிபோல வளையும் இரும்பு வேலைப்பாடு அவருடையது. தன் வீட்டுக்கு மேஜை நாற்காலி முதற்கொண்டு எல்லாம் அவரே வடிவமைத்தார். அவர் போன பிறகு அந்த வீட்டை அப்படியே மியூசியமாக்க மனைவி அதெலின் எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. கடைசியில் சாப்பாட்டு அறை பாரிஸில் ஒரு மியூசியத்துக்கு, படுக்கையறை லியோன் நகருக்கு, வேலை அறை நான்சி நகருக்கு என்று 1948ல் பிரிந்துபோனது. பொருள்கள் பத்திரமாக இருக்கின்றன. வீடுதான் அப்படியே இல்லை.

உனக்குப் பணமுடை என்று தெரியும், வாடகைக்கு விடவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடு. எது எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து குறித்து வை. ஒயரிங் பழசுதான், மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒயரை உள்ளே மாற்றிக்கொண்டு அந்தப் பித்தளை சுவிட்சுகளின் முகத்தை அப்படியே விடச் சொல். பழைய டிஸ்டெம்பர் பூச்சின் மேல் எமல்ஷன் பெயிண்ட் பிடிக்காது, உரிந்து வரும். அதனால் பெயிண்டர் முதலில் சுரண்டத்தான் சொல்வார். சுரண்டிவிட்டால் அப்பா தேர்ந்தெடுத்த நிறம் போனது போனதுதான். ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பின்னால் இரண்டு சாண் சுவரையாவது தொடாமல் விடு. கையால் வரைந்த வரைபடங்களை லேமினேட் செய்யாதே, வெயிலிலும் மாட்டாதே. மியூசியங்களில் தாளுக்கும் துணிக்கும் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. வெளிச்சத்தில் வெளுத்தது திரும்பாது.

மாடிக்கூடத்துத் தேக்கு அலமாரியை வாங்க ஆள் வந்ததாக எழுதியிருந்தாய். அது சுவரின் அளவுக்குச் செய்தது கதிர், வேறு எங்கே பொருந்தும்?

அடுத்த வாரம் நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். கேமராவும் டேப்பும் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாக அளந்து வரைந்துவிடலாம். அதுவரை பெயிண்டரிடம் ஏதாவது சொல்லி நிறுத்தி வை.

அன்புடன்,
முரளி