ஒன்றுக்கு இரண்டு என்று தோற்ற இரவுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

முதலில், சனிக்கிழமை நம் கால்பந்து அணி வெளியூர் மைதானத்தில் தோற்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ராத்திரி பேருந்தில் நான் கத்தியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "இந்த டீமுக்காக இனிமே ஒரு கிலோமீட்டர்கூட வரமாட்டேன்" என்று சொன்னேன், கழுத்தில் கிடந்த அணித் துண்டைக் கழற்றிச் சாமான் தட்டில் எறிந்தேன், முன் இருக்கையில் தூங்கப் பார்த்த குழந்தையை எழுப்பிவிட்டேன். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். அப்போது யாரும் என்னைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா மட்டும், "சரி, வரவேண்டாம். வீடு போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம் இருக்கு, அதுவரைக்கும் இதைப் படி" என்று சொல்லி ஒரு நோட்டை மடியில் போட்டார்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அந்த நோட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா ஒவ்வொரு ஆட்டத்திலும் கோலை நோக்கிப் போகும் ஒவ்வொரு ஷாட்டையும் குறித்துவைப்பார். எத்தனையாவது நிமிடம், அடித்தது யார், காலாலா தலையாலா, பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் பெரிய கட்டம்) உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான். நாம் எல்லோரும் எழுந்து நின்று கையை உதறும்போது அவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். நான் இதைப் பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். போன வருடம் இதே மைதானத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றோமே, அந்தப் பக்கத்தை முதலில் எடுத்துக் காட்டினார். தொண்ணூறு நிமிடத்தில் நம் ஷாட் மூன்று, மூன்றுமே பாக்ஸுக்கு வெளியிலிருந்து. அப்புறம் இந்தச் சனிக்கிழமைப் பக்கம். பதினொன்று, அதில் ஏழு பாக்ஸுக்குள். அவர்களுக்கு ஒன்பது, உள்ளே நான்கு. "இதுல நீ கத்துறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குப் புரியலை" என்றார். எனக்கும் அப்போது சட்டென்று பதில் வரவில்லை, ஆனால் கோபமும் போகவில்லை என்பதுதான் உண்மை.

பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த தம்பிக்கு இரண்டாவது நன்றி. கோல் வாய்ப்புக்கு எண் போடும் கணக்கை எனக்குப் புரிகிற மாதிரி முதன்முதலில் சொன்னது அவன்தான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் சுழியத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பு. அதே மாதிரி இடத்திலிருந்து இதற்கு முன் அடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கோல் விழுந்தது என்பதிலிருந்து வருவது அது. பெனால்டி என்றால் முக்காலுக்குக் கொஞ்சம் மேலே, முப்பது கஜத்திலிருந்து ஆசைப்பட்டு அடிப்பது என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நான் உடனே, "அப்போ கணக்குப்படி நாமதானே ஜெயிச்சோம்?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். ஒரு ஆட்டத்தை வைத்து அப்படிச் சொல்லக் கூடாதாம், பத்துப் பதினைந்து ஆட்டம் சேர்ந்தால்தான் அந்த எண் பேசுமாம். 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் விழுந்தது மொத்தம் 172 கோல், அதாவது ஒரு ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை, இவ்வளவு குறைவாகக் கோல் விழும் விளையாட்டில் ஒரு பந்து யார் முழங்காலில் பட்டுத் திரும்புகிறது என்பதே முடிவை மாற்றிவிடும் என்றான். சனிக்கிழமை பட்டது நம் ஆள் முழங்கால்.

அந்தக் கோலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. எண்பத்தாறாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று, பந்து நம் கோல்கீப்பர் கையில். திடீரென்று நடுவர் விசில் அடித்துக் கார்னர் கொடியைக் காட்டுகிறார், அதாவது மைதான மூலையிலிருந்து அவர்களுக்கு ஒரு உதை. பந்து வெளியே போகவே இல்லை, யாரும் தொடவும் இல்லை, எங்கிருந்து வந்தது கார்னர்? நம் ஸ்டாண்டில் பாதிப் பேர் நடுவரைத் திட்டினோம், மீதிப் பேருக்கு என்ன நடந்ததென்றே தெரியவில்லை. நமக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த, ஒரு காலத்தில் தானும் விசில் பிடித்தவரான ஐயா மட்டும் திரும்பி, "எட்டு செகண்ட் ஆயிடுச்சு தம்பி" என்றார்.

ஐயா, அந்த ஒரு வரிக்கு நன்றி. அதற்குள் கார்னர் எடுத்து, நாம் தலையால் வெளியே தள்ளி, பாக்ஸ் விளிம்பில் நின்றவன் அடித்து, நம் ஆள் முழங்காலில் பட்டுக் கோல் ஆகிவிட்டது என்பதால் அப்போது யாரும் உங்களைக் கவனிக்கவில்லை. பேருந்தில் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். முன்பெல்லாம் கோல்கீப்பர் ஆறு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது, மீறினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய உதை. பாக்ஸுக்குள் அப்படி ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தால் வரும் ரகளைக்குப் பயந்து அநேகமாக எந்த நடுவரும் அதைக் கொடுப்பதில்லை, சட்டம் புத்தகத்தோடு கிடந்தது. அதனால் 2025இல் விதியை மாற்றி, எட்டு விநாடி என்று தளர்த்தி, தண்டனையைக் கார்னராகக் குறைத்தார்கள். தண்டனை சின்னதானதும் நடுவர்களுக்குக் கொடுக்கத் துணிவு வந்துவிட்டது. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டவும் வேண்டும், சனிக்கிழமை அவர் காட்டினார், நீங்கள் பார்த்தீர்கள். நான் பார்க்கவில்லை, நான் பக்கத்தில் இருந்தவனோடு ஒரு டிராவுக்கு எத்தனை புள்ளி ஏறும், பட்டியலில் எங்கே நிற்போம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நம் கோல்கீப்பர் ஏன் வைத்துக்கொண்டு நின்றான் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அதற்கு முந்தைய பந்தில் நம் பின்வரிசை ஆட்கள் இரண்டு பேர் மோதி விழுந்திருந்தார்கள், அவர்கள் எழுந்து இடத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தான். தப்புதான், தரையில் போட்டிருக்கலாம், பந்து கையில் இல்லையென்றால் அந்த எண்ணிக்கையே கிடையாது. ஆனால் முதல் பாதியில் நேருக்கு நேர் வந்த இரண்டு பந்தைத் தடுத்தவனும் அவன்தான், அது இல்லையென்றால் எண்பத்தாறாவது நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற பேச்சே இருந்திருக்காது. ஆட்டம் முடிந்து எல்லோரும் சுரங்கப் பாதைக்குள் போன பிறகும் அவன் நம் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் உயர்த்தினான். கை தட்டியவர்கள் தட்டினார்கள். நான் தட்டவில்லை. தம்பி, இந்தக் கடிதத்தை யாராவது உன்னிடம் காட்டினால், அந்தக் கைதட்டல் இப்போது சேரட்டும்.

அடுத்தது கோச் ஐயா. சிறு பையன்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவர், பந்தைப் பார்க்கவே மாட்டார். "பந்தை எல்லாரும் பார்க்கிறாங்க, நீ பந்து இல்லாதவனைப் பாரு" என்பது அவர் வழக்கமான பாட்டு. பேருந்தில் அவர் பேசியது முழுக்க நம் இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் பற்றித்தான். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது, வெளி மைதானத்தில் முழு ஆட்டம் ஆடுவது இதுதான் முதல் தடவை. முதல் இருபது நிமிடத்தில் அவர்களுடைய விங்கர் (ஓரமாக ஓடித் தாக்குபவன்) அவனை இரண்டு முறை அப்படியே விட்டுவிட்டு ஓடினான், இரண்டாவதில்தான் முதல் கோல் விழுந்தது. நானும் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஐயா பார்த்தது அதற்கு அப்புறம் நடந்ததை. பையன் பாய்ந்து காலை நீட்டுவதை நிறுத்திவிட்டான். ஒரு கஜம் தள்ளி நின்று, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து, உள்ளே வரும் வழியை அடைத்து, "போ, கோட்டுப் பக்கம் போ" என்கிற மாதிரி வழி விட்டான். கோட்டுப் பக்கம் போனால் வலது காலால் ஆட வேண்டும், அந்த விங்கருக்கு வலது கால் பலவீனம். இதை யாராவது பெஞ்சிலிருந்து கத்திச் சொன்னார்களா, அவனே கண்டுபிடித்தானா என்று தெரியாது, ஆனால் இடைவேளைக்கு அப்புறம் அந்த விங்கர் பக்கம் மாறி எதிர்ப்புறம் போய்விட்டான். ஐயா இதைச் சொல்லும்போது ஏதோ கோப்பை ஜெயித்த மாதிரி முகம். "பெரிய டீமோட பெரிய ஆட்டக்காரன், நம்ம பத்தொன்பது வயசுப் பையனால இடம் மாறிப் போனான். ஸ்கோர்ல இது எங்கே தெரியும்?" என்று கேட்டார்.

இதைக் கேட்ட பிறகுதான் நான் சாமான் தட்டிலிருந்து துண்டை எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், பார்த்திருக்கிறீர்கள்.

எதிரணி ரசிகர் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அறுபத்தோராவது நிமிடத்தில் நாம் சமன் செய்தோமே, அவர்கள் பின்வரிசையில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தபோது நம் ஆட்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து பறித்து அடித்த கோல். அதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்காவின் பேனா மை தீர்ந்துபோனது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர், தன் அணி கோல் வாங்கிய எரிச்சலிலும், பையிலிருந்து பேனாவை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது வாசலில் பார்த்தோம். "எழுபதாவது நிமிஷத்துல இருந்து எங்களுக்குப் பயமா இருந்ததுங்க, போன வருஷம் இப்படி இல்லையே நீங்க" என்றார். நம் ஆட்கள் ஆயிரம் சொன்னாலும் அது ஆறுதல், அவர் சொன்னால் அது சாட்சி.

நம்பிக்கை பேச்சு இப்படிச் சூடு பிடித்ததும் வழக்கம்போல யாரோ அர்ஜென்டினாவைக் கொண்டுவந்தார்கள். 2022 நவம்பரில் முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள், முதல் பாதியில் மட்டும் மூன்று கோல் ஆஃப்சைடு என்று (பந்து வரும்போது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்றதால்) செல்லாமல் போனது, முப்பத்தாறு ஆட்டம் தோற்காமல் வந்த ஓட்டம் அங்கே நின்றது, டிசம்பரில் கோப்பை அவர்கள் கையில். இன்னொருவர் ஸ்பெயின் என்றார், 2010இல் சுவிட்சர்லாந்திடம் ஒரு கோலில் தோற்றுத் தொடங்கி, நாக் அவுட்டில் நான்கு ஆட்டத்தையும் ஒன்று-சுழியம் என்றே ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினார்கள். பேருந்து முழுக்க உற்சாகம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "2018 ஜெர்மனி?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை நிறையப் பேர் முறைத்தீர்கள். நான் அவருக்கும் நன்றி சொல்கிறேன், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்த வருடம் மெக்சிகோவிடம் ஒரு கோலில் தோற்றபோது நடப்புச் சாம்பியனான ஜெர்மனிக்காரர்களும் இப்படித்தான், சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார்கள், கடைசியில் பிரிவில் நான்காவது இடத்தில் முடித்து வீட்டுக்குப் போனார்கள். முதலில் தோற்றவர்களில் பிறகு ஜெயித்தவர்கள் கதையை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்றார். அதோடு விடவில்லை. அக்காவின் நோட்டையே வாங்கிப் புரட்டி, கடைசிப் பத்து நிமிடத்தில் கோல் வாங்கியது இந்த சீசனில் இது மூன்றாவது முறை என்று காட்டினார். "பதினோரு ஷாட் நல்ல அறிகுறின்னா இதுவும் அறிகுறிதானே? இதுக்கு யாரு பதில் சொல்றது?" ஒருவரும் சொல்லவில்லை. பிறகு கோச் ஐயா, ஐந்து பேரை மாற்றலாம் என்ற விதி இருந்தும் நாம் மூன்று பேரைத்தான் மாற்றினோம், கால் களைத்த பின்வரிசையை அப்படியே விட்டோம் என்று மெதுவாக ஒத்துக்கொண்டார். எனக்கென்னவோ அந்த இரவில் நடந்த பேச்சிலேயே உருப்படியானது அந்தப் பதினைந்து நிமிடம்தான். நல்லதைப் பார்த்த அதே கண்ணால் ஓட்டையையும் பார்த்தோம், யாரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சரி, இரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள், அதை இங்கே எழுத வேண்டாம்.

மற்றவர்களுக்கு அவசரமாக: தோற்ற பிறகும் ஸ்டாண்டில் கிடந்த காகிதக் குவளைகளைப் பொறுக்கிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, கடைசியில் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் நம் ஆள் தலையால் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது மேளத்தை நிறுத்தாமல் அடித்தவனுக்கு, நான்கு மணி நேரம் நம் வாக்குவாதத்தைக் கேட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிட்டு, இறங்கும்போது மட்டும் "அந்த லெஃப்ட் பேக் பையன் பேரு என்ன?" என்று கேட்ட ஓட்டுநர் அண்ணனுக்கு.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் அக்காவால் வர முடியாதாம், எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார், உணர்ச்சிவசப்பட்டு ஷாட்டை விட்டுவிட்டால் நோட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற நண்பருக்கு ஒரு செய்தி: உங்கள் பேனாவும் என்னிடம்தான் இருக்கிறது, கூட்டத்தில் திருப்பித் தர மறந்துவிட்டோம். இரண்டாம் சுற்றில் நீங்கள் எங்கள் மைதானத்துக்கு வருவீர்கள் அல்லவா, வடக்கு ஸ்டாண்டின் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும்.