செயின்ட் ஜான் தீவின் கடலடியைப் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் தெளிவாகப் படிக்கவும் எழுதவும் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நானும் என் மனைவியும் மிகவும் மகிழ்ந்தோம். இங்கே மகள் வீட்டில் அனைவரும் நலம். விடுமுறையில் மகளும் மருமகனும் எங்களைக் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் ஜான் தீவுக்கு அழைத்துச் சென்றதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன் அல்லவா? கடலுக்குள் கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதும்படி கேட்டிருக்கிறாய். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் புட்டிகளுக்குள் மட்டுமே கடல் முள்ளெலியையும் நட்சத்திர மீனையும் பார்த்துப் படம் வரைந்தவர்கள் நாம். அவை உயிரோடு நடமாடும் இடத்தைப் பற்றி உனக்கு எழுதுவதில் எனக்கு இருக்கும் ஆவலுக்கு அளவில்லை.

முதலில் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட வெர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான் ஒன்று. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். மக்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. அங்கே விமான நிலையம் கிடையாது. பக்கத்துத் தீவான செயின்ட் தாமசில் இறங்கி, ரெட் ஹுக் துறையிலிருந்து படகில் இருபது நிமிடம் பயணம் செய்தால் குரூஸ் பே என்ற சிற்றூரை அடையலாம். 1917 வரை டென்மார்க்கிடம் இருந்த இத்தீவுகளை அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் கொடுத்து வாங்கியது. லாரன்ஸ் ராக்பெல்லர் என்ற செல்வந்தர் செயின்ட் ஜானில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி நன்கொடையாக அளித்ததால் 1956-இல் அங்கே தேசியப் பூங்கா உருவாயிற்று. 1962-இல் அதன் எல்லை கடலுக்குள்ளும் நீட்டிக்கப்பட்டது. வடகரையின் பெரும்பாலான விரிகுடாக்களில் இன்றும் காடு நேராக மணலில் வந்து இறங்குவதற்கும், கரையை மறைத்துக்கொண்டு விடுதிகள் எழாமல் இருப்பதற்கும் இந்தப் பூங்காவே காரணம்.

நீரின் மேலே மிதந்தபடியே கடலடியைப் பார்க்கும் ஸ்நார்கெலிங் செய்ய ஆழ்கடல் மூழ்குபவரின் பயிற்சி எதுவும் தேவையில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி, வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய், காலில் மாட்டும் துடுப்பு, இவ்வளவுதான். மிதவைச் சட்டை அணிந்துகொண்டால் நீச்சல் வராதவர்கள்கூட நீரின் மேற்பரப்பில் குப்புறப் படுத்து மிதக்கலாம். வாயால் மட்டும் மூச்சுவிடப் பழகுவதற்குச் சற்று நேரம் ஆகிறது; பழகியபின் உடல் தளர்ந்துவிடுகிறது. கைகால்களை எவ்வளவு குறைவாக அசைக்கிறோமோ அவ்வளவு அதிகமாகக் கண்ணில் படுகிறது.

எல்லோரும் முதலில் செல்லும் இடம் டிரங்க் பே. அஞ்சல் அட்டைகளில் அச்சிடப்படும் வெண்மணல் கரை அதுதான். நீருக்கடியில் பெயர்ப்பலகைகள் பதித்து, எந்தப் பவளம் எது, எந்த மீன் எங்கே மேயும் என்று விளக்கும் கடலடிப் பாதை ஒன்றை அங்கே அமைத்திருக்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அது நல்ல பாடசாலை. ஆனால் காலை பத்து மணிக்குமேல் செயின்ட் தாமசில் நிற்கும் சுற்றுலாக் கப்பல்களிலிருந்து கூட்டம் வந்து சேர்ந்துவிடுகிறது. பலரும் பவளத்தின்மேல் காலூன்றி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் மூளைப் பவளத்தை ஒருவர் ஒரு நொடியில் உடைத்துவிட முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் மாஹோ பே. அங்கே பவளம் அதிகமில்லை. விரிகுடாவின் நடுவில் இடுப்பளவு முதல் இரண்டு ஆள் ஆழம் வரை கடற்புல் படர்ந்திருக்கிறது. அழகை எதிர்பார்த்து வருகிறவர்கள் இந்தப் பச்சைத் தரையைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடுவார்கள். சற்றுப் பொறுத்து மிதந்தால், புல்லோடு புல்லாக ஓர் ஓடு அசைவது தெரியும். நம் கரையில் பேராமை என்று சொல்வார்களே, அந்தப் பச்சைக் கடலாமையின் இளம் பருவம். தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்து இழுத்து, மென்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெதுவாக மேலே வந்து மூச்சு வாங்கி மீண்டும் அதே இடத்துக்கு இறங்குகிறது. சில ஆமைகளின் ஓட்டில் ஒட்டுமீன்கள் பற்றிக்கொண்டு கூடவே பயணம் செய்கின்றன. ஆமையைத் தொடுவதும் துரத்துவதும் சட்டப்படி குற்றம். துரத்தப்பட்ட ஆமை மூச்சு வாங்கக்கூட மேலே வரத் தயங்கும் என்பதால், இந்தச் சட்டம் மிக நியாயமானதென்று நினைக்கிறேன். பக்கத்தில் மணலைக் கிளறியபடி திருக்கை ஒன்று போயிற்று; அது கிளறிய கலங்கலில் இரை தேடி ஒரு சிறு மீனும் பின்தொடர்ந்தது.

கடற்புல்லைப் பற்றி இன்னும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மழையில் மலைச்சரிவிலிருந்து அடித்துவரும் வண்டலைப் பிடித்து நிறுத்திப் பவளத்தின் மேல் படியாமல் தடுப்பது அந்தப் புல்தான். பின்னாளில் பவளத்திட்டுக்குக் குடிபோகும் மீன்களில் பல அங்கேதான் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. நங்கூரம் ஒன்று அதில் இழுபட்டால் ஏற்படும் தழும்பு ஆண்டுக்கணக்கில் ஆறுவதில்லை. பவளத்தின் நிலை அதைவிட மோசம். 1988-இல் பக்கத்திலுள்ள பிரான்சிஸ் பே அருகே ஒரு பயணிகள் கப்பல் போட்ட நங்கூரம் நூறு மீட்டருக்கும் நீளமாகப் பவளத்திட்டை உழுதுவிட்டது. பத்தாண்டுகள் கழித்தும் அந்த இடம் தேறவில்லை. இப்போது பூங்காவினர் படகுகளைக் கட்டுவதற்கென்று மிதவைகளை நிறுத்தியிருக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை உருண்டைகளாகத் தெரியும் அவை, கடலடியைக் காப்பதில் எத்தனையோ எச்சரிக்கைப் பலகைகளைவிடப் பயனுள்ளவை.

உனக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று. அந்தப் புல்வெளிகளில் நம் இந்தியப் பெருங்கடலுக்கும் செங்கடலுக்கும் உரிய ஹாலோஃபிலா ஸ்டிப்புலேசியா என்ற புல் இனமும் இப்போது பரவிவருகிறது. சூயஸ் கால்வாய் வெட்டியபின் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்த அது, 2002-இல் கரீபியனில் கிரெனடா தீவருகே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. படகுகளோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். முறிந்த துண்டு ஒன்று விழுந்த இடத்திலேயே வேர்விட்டு, ஆமை உண்ணும் உள்ளூர்ப் புல்லை நெருக்கிவிடுகிறது. நம் மன்னார் வளைகுடாவில் இயல்பாக வாழும் சிங்க மீனும் அப்படித்தான். வீட்டு மீன்தொட்டிகளிலிருந்து அமெரிக்கக் கடலில் விடப்பட்டு, இயற்கை எதிரிகள் இல்லாததால் கரீபியன் முழுவதும் பெருகி, பவளத்திட்டின் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஊரில் ஒழுங்காக இருக்கும் உயிர்கள் அங்கே போய் இவ்வளவு கேடு செய்வதை நினைத்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வடகிழக்கு முனையிலுள்ள வாட்டர்லெமன் கே என்ற குட்டித் தீவைச் சுற்றி மிதந்தது மறக்க முடியாதது. அங்கு செல்ல, அன்னபர்க் என்ற பழைய கரும்பாலையின் இடிபாடுகளின் அருகே வண்டியை நிறுத்திவிட்டுக் கரையோரமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். காற்றாலைக் கோபுரமும் பாகு காய்ச்சும் கொட்டிலும் இன்னும் நிற்கின்றன. சுவர்களை உற்றுப் பார்த்தால், கருங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே மூளைப் பவளத்தின் வரிகள் தெரிகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் எழுந்த சுவர்கள் அவை. 1733 நவம்பரில் அத்தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து மாதக்கணக்கில் தீவின் பெரும்பகுதியைத் தம் வசம் வைத்திருந்தார்கள். மார்ட்டினிக்கிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைதான் அவர்களை ஒடுக்கியது. எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரியும் டோர்ட்டோலா பிரிட்டனுக்குரியது. அங்கே 1834-இல் அடிமைமுறை நீங்கிய பிறகும் டேனியத் தீவுகளில் 1848 வரை அது நீடித்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் செயின்ட் ஜானிலிருந்து எத்தனையோ பேர் இரவில் அந்த நீரிணையைக் கடந்து தப்பிச் சென்றார்கள். நாங்கள் பொழுதுபோக்காக மிதந்த அதே நீர். அதைத் தெரிந்துகொண்டு அதில் இறங்குவதே முறையென்று எனக்குப்பட்டது. பேரக்குழந்தைகளுக்கும் அங்கேயே உட்காரவைத்துச் சொன்னேன்.

குட்டித் தீவைச் சுற்றிலும் ஊதா நிறக் கடல்விசிறிகள் அலையோடு சாய்ந்து நிமிர்கின்றன. தட்டையான புல்திட்டுகளில் தடித்த ஐந்து கரங்களோடு ஆரஞ்சு நிற நட்சத்திர மீன்கள் கிடக்கின்றன. நீல நிற மீன்கள் கூட்டமாக வந்து பாசியை மேய்ந்துவிட்டு அடுத்த பாறைக்குப் போகின்றன. தலையை நீருக்குள் வைத்தவுடனே கேட்பது மொறுமொறுவென்ற ஓசை; கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஒலியும் அதில் உண்டு. பாசியோடு சேர்த்துச் செத்த பவளத்தின் சுண்ணாம்பையும் கடித்து அரைத்து அவை வெளியேற்றுவதுதான் கரையின் வெண்மணலில் பெரும்பங்கு. தீவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் வலுவானது என்பதால், துடுப்பு இல்லாமல் சுற்றிவர முயல்வது ஆபத்து.

நான் கண்டவை முன்பிருந்ததன் மிச்சமே என்பதையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீண்ட கருமுட்கள் கொண்ட டயடெமா என்ற கடல் முள்ளெலிகள் 1983-இல் பனாமா கரையில் தொடங்கிய ஒரு நோயால் ஏறக்குறைய ஓராண்டுக்குள் கரீபியன் முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாண்டன. பாசியை மேய்ந்து பவளக் குஞ்சுகள் ஒட்டுவதற்கு வெற்றிடம் ஏற்படுத்தித் தந்தவை அவைதாம். மெல்ல மீண்டுவந்த நேரத்தில், 2022 தொடக்கத்தில் செயின்ட் தாமஸ் அருகிலேயே மறுபடியும் சாகத் தொடங்கின; ஒரு செல் உயிரி ஒன்றே காரணம் என்று மறு ஆண்டு கண்டுபிடித்தார்கள். 2005-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்து, பின்னாலேயே நோயும் வந்து, வெர்ஜின் தீவுகளில் பாதிக்கு மேற்பட்ட பவளம் அழிந்தது. 2017 செப்டம்பரில் இர்மா புயலும் இரு வாரங்களுக்குள் மரியா புயலும் வந்தன. 2019-இல் பவளத் திசுவை அழிக்கும் புதிய நோய் செயின்ட் தாமசை எட்டியது. அதன் தழும்புகளைச் செயின்ட் ஜானில் பெரிய மூளைப் பவளங்களின் மேல் நேரில் பார்த்தேன். பாதி உயிரோடும் பாதி பாசி படர்ந்தும் இருந்த அவற்றின் முன்னால் மிதந்தபோது மனம் கனத்துப்போயிற்று.

ஆனால் கிழக்குப் பக்கத்தில் ஹரிக்கேன் ஹோல் என்ற கழிமுகம் போன்ற குடா இருக்கிறது. கலங்கல் நீரும் அலையாத்தி எனப்படும் கண்டல் மரங்களும் நிறைந்த அந்த இடத்துக்குக் கூட்டம் வருவதில்லை. அங்கே கண்டல் வேர்களின் மேலேயே பவளங்கள் வளர்கின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மரத்தின் நிழல் வெயிலைத் தணிப்பதால், திறந்த கடலில் வெளுத்துப்போன இனங்கள்கூட இங்கே நிறம் மாறாமல் நிற்கின்றன. இர்மா புயல் அந்தக் கண்டல்களில் பெரும்பகுதியை முறித்தெறிந்தும், மறுபடி தழைக்கும் வேர்களில் பவளமும் கடற்பஞ்சும் ஒட்டியிருப்பதைக் கண்டேன். தீவுக்குப் போகிறவர்கள் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால், டிரங்க் பேயை விட்டுவிட்டு இதைப் பார்க்கச் சொல்வேன். பவளம் தப்பிப் பிழைக்கும் வழி அதற்கு வெளியேயுள்ள மரத்திலும் புல்லிலும் இருக்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றை நான் அறியேன்.

நீ வருவதாக இருந்தால் சில செய்திகளை நினைவில் வைத்துக்கொள். ஆக்சிபென்சோன் போன்ற வேதிப்பொருள் கலந்த வெயில்தடுப்புக் களிம்புகளை அங்கே 2020 முதல் தடைசெய்திருக்கிறார்கள்; முழுக்கை நீச்சல் சட்டையே போதும். கரையோரத்தில் மஞ்சினீல் என்ற மரம் நிற்கும். பழம் சிறு ஆப்பிளைப் போல மணக்கும்; கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழை பெய்யும்போது அதனடியில் ஒதுங்கினால் வடியும் நீர் பட்டே தோல் கொப்புளிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகரையில் அலை பெரிதாக இருக்கும் நாள்களில் தென்கரையிலுள்ள சால்ட் பாண்ட் பேவுக்குப் போவது நல்லது. முழங்கால் வலியைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. உடல் பாரத்தை நீரே தாங்கிக்கொள்ளும். கண்ணைப் பொறுத்தவரை, தூரப் பார்வைக்கு உனக்குக் கண்ணாடி தேவைப்பட்டால், அந்த அளவுக்கேற்ற வில்லை பொருத்திய முகமூடி கிடைக்கிறது. கடல்நீரில் இறங்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று உன் மருத்துவரிடம் கேட்டு, அளவுச் சீட்டின் நகலோடு எனக்கு எழுது. அதற்குள், தூத்துக்குடிக் கரையில் கடற்புல் எங்கெங்கே நன்றாக இருக்கிறது, மீனவர்கள் பேராமையை இப்போதும் பார்க்கிறார்களா என்பதையும் விசாரித்து எழுதினால் மகிழ்வேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைத் தெரிவிக்கவும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்