பாலை நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டவுன் சின்ட்ரோம் உள்ள தன் மகனின் புறங்கையில் வெள்ளைப் புள்ளிகள் வந்திருப்பதாகத் தங்கள் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய் எழுதியிருந்தார். தோலில் கால்சியம் படிந்திருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பதில் வந்திருந்தது. பதிலில் தப்பில்லை. ஆனால் 'கால்சியம்' என்று காதில் விழுந்ததுமே வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது குழந்தையின் பால்தான். என் மகளுக்கும் டவுன் சின்ட்ரோம். எங்கள் வீட்டிலும் ஆளாளுக்கு அதைத்தான் சொன்னார்கள்.

அவளுக்குப் புள்ளிகள் விரல் கணுக்களை ஒட்டி, குண்டூசித் தலை அளவில் வந்தன. தடவினால் கெட்டியாக இருக்கும். வலியோ அரிப்போ கிடையாது. சிலவற்றைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். எப்போதாவது ஒன்றின் நுனி திறந்து வெள்ளைப் பொடி உதிரும், பிறகு அதுவே ஆறிவிடும். மரு என்றார் ஒருவர், பாலுண்ணி என்றார் இன்னொருவர். என் சித்தி ஊசியால் கீறி எடுத்துவிடவே தயாராக இருந்தார். (மகள் கையைக் கொடுத்தால்தானே!)

ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட் இரண்டையும் பார்த்தார்கள், இரண்டும் சரியாகவே இருந்தன. டவுன் சின்ட்ரோம் குழந்தைகள் சிலருக்கு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும் என்றார் மருத்துவர். ரத்தத்தில் கால்சியம் கூடிப்போய் வந்த படிவு அல்ல இது. பாலை நிறுத்தினால் புள்ளி போகாது. எலும்புக்கு வேண்டியதுதான் குறையும்.

அப்புறம் எதற்கு ரத்தப் பரிசோதனை? எல்லாப் படிவும் ஒரே கதை இல்லை என்பதால்தான். எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோன் சரிவர வேலை செய்யாத ஒரு பரம்பரை நோயில், சிறுநீரில் போக வேண்டிய பாஸ்பேட் ரத்தத்திலேயே தங்கி, இடுப்பு, தோள், முழங்கை மூட்டுகளைச் சுற்றிப் பெரிய பெரிய கட்டிகளாகக் கால்சியம் சேரும். அங்கே உணவில் குறைக்கச் சொல்வது பாஸ்பேட்டை. ஆல்பிரைட் ஆஸ்டியோடிஸ்ட்ரோபி என்ற இன்னொரு பரம்பரை நோய் இன்னும் விசித்திரம். தோலுக்கடியில் எலும்பே உருவாகும். இந்தக் குழந்தைகள் பலருக்கு, ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு சுரந்தாலும் உடல் அதற்குச் செவிசாய்க்காது. ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்புகூட வரலாம். தோலில் கெட்டியாக ஏதோ இருக்கிறதே என்று பயந்து அந்தக் குழந்தையின் கால்சியம் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

ஆகவே அந்தத் தாய்க்குத் தந்த பதிலோடு இரண்டு வரி சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை பாலையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டாம். புள்ளிகளை நசுக்கவோ கீறவோ வேண்டாம், சீழ் பிடித்துவிடும்.

இப்படிக்கு,
டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியின் தந்தை