ரேக்ளா (மாட்டுவண்டி) பந்தயச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காளை வளர்க்கும் அண்ணன் தம்பிகளே, பந்தயத்தன்று அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட அக்கா தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் மூத்த லாடக்காரர் ஐயா இந்த ஆண்டு காலமானார். காளையைச் சாய்த்து, குளம்பைச் செதுக்கி, ஆணி சதையில் ஏறாமல் லாடம் கட்டத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் அருகிவிட்டார்கள். இப்போது அதற்காகவே மாட்டை டெம்போவில் ஏற்றி வெளியூர் போகிறோம். அவரிடம் தொழில் பழகிய பேரனுக்குச் சங்கச் செலவில் கருவிகள் வாங்கித் தரலாம் என்பது என் யோசனை. கூட்டம் முடிவு செய்யட்டும்.

இனி பந்தயத் தடத்துக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க என்னைக் கேட்ட கேள்வி இதுதான்: வழக்கமான காட்டில், அதாவது நாம் எப்போதும் ஓட்டும் விவசாய நிலத்தில், ஏன் நடத்தவில்லை? பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனம் நான்கு மண்டலங்களாகச் சுழல்கிறது. இம்முறை நம் மண்டலத்துக்குத் தண்ணீர் வந்தது, காட்டுக்காரர் மக்காச்சோளம் போட்டுவிட்டார். ஒரு நாள் ஓடும் வண்டிக்காக வாய்க்கால் தண்ணீரை யார் விடுவார்? கடைசியில் வாய்க்கால் பாயாத மேட்டுக்காடு ஒன்று கிடைத்தது. கல் பொறுக்கி, ரோட்டவேட்டர் விட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டியது எல்லாம் நம் பையன்கள்தான். திருப்பூர் கம்பெனியில் வாரம் பூரா நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வெயிலில் கல் பொறுக்கினார்கள்.

300 மீட்டர் ஓட 300 மீட்டர் நிலம் போதும் என்பவர்கள் ரேக்ளாவில் ஏறிப் பார்த்தவர்கள் அல்ல. கோட்டைத் தாண்டிய காளை கயிற்றை இழுத்ததும் நின்றுவிடாது. வேகம் அடங்க அதற்கு அப்பாலும் நீளமாக இடம் வேண்டும். மேட்டுக்காட்டின் முடிவில் கிளுவை வேலி, அதற்கு அந்தப்பக்கம் தார் ரோடு. பல்லை வைத்துத்தான் காளையின் வயதைப் பிரிக்கிறோம். ஆகவே பெரிய, ஆறு பல் காளைகளுக்கான 300 மீட்டரை நிறுத்திவிட்டு, இளைய, இரண்டு பல், நான்கு பல் ஜோடிகளுக்கு 200 மீட்டர் மட்டும் நடத்தினோம். வருஷமெல்லாம் பருத்திக்கொட்டையும் கொள்ளும் போட்டுப் பெரிய காளையைத் தயார் செய்தவர்களுக்குக் கோபம். அவர்கள் செலவு எனக்கும் தெரியும். ஆனால் ரோட்டில் போய் விழும் ஜோடியை யார் தூக்குவது?

இன்னொரு புகார் நியாயமானது. காலையில் ஓடிய வண்டிக்கு மெத்தென்ற மண், மதியம் ஓடியதற்குக் குழி விழுந்த மண். நம் பக்கம் ஒவ்வொரு வண்டியாக நேரம் பார்த்து விடுவதால் தடம் மாறினால் முடிவும் மாறும். அடுத்த முறை இடையில் நிறுத்தி மண்ணைச் சமப்படுத்தி, மீண்டும் தண்ணீர் தெளிப்போம். ஓடும் வரிசைக்குக் குலுக்கல். செல்வாக்குள்ளவர் முந்தி டோக்கன் வாங்கும் வழக்கம் இனி இல்லை. வண்டி கோட்டைத் தாண்டும் நேரத்தைத் தானாகக் குறிக்கும் சென்சார் வைத்த பிறகு கொடிக்காரர், ஸ்டாப்வாட்ச்காரர் மேல் வரும் சண்டை ஓய்ந்தது. ஆனால் செல்போனில் படமெடுக்கக் குறுக்கே ஓடிய ஒருவரால் கடிகாரம் நின்று, ஒரு ஜோடி திரும்ப ஓட வேண்டியதாயிற்று. மூச்சிரைத்த காளையை உடனே மறுபடி பூட்டச் சொன்னவர்களைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

அனுமதி விஷயத்தில் இளையவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. அப்போது எத்தனை கட்டுத்தறி காலியானது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது, 2023 மே 18-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதை நம்பித்தான் இன்று காளை வளர்க்கிறோம். கால்நடை மருத்துவர் பார்க்காத காளை ஓடாது. காளையைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சியோடு வருபவருக்குத் தடத்தில் இடமில்லை, அவர் எனக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. கோமாரித் தடுப்பூசி போட்ட விவரத்தையும் கொண்டு வாருங்கள்.

அடுத்து பரிசு. பக்கத்து ஊர்களில் தங்கக் காசு என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள், நாமும் பவுனை ஏற்ற வேண்டும் என்று இளைஞர் அணி தீர்மானம் கொடுத்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. பவுன் ஒரே வீட்டுக்குப் போகும். அதே பணத்தில் நீளமான மேட்டுக்காடு ஒன்றைப் பல ஆண்டுக் குத்தகைக்குப் பிடித்து, இருபுறமும் மூங்கில் தடுப்பு கட்டினால் ஆறு பல் காளைகளும் ஓடலாம். நல்ல தடம் இருந்தால் வண்டிகள் தாமாக வரும். இரண்டு தீர்மானங்களும் இன்று ஓட்டுக்கு விடப்படும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஜோடி தேடிப் போகிறவர்கள், லாரி வாடகையைப் பகிர்ந்துகொள்ள வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவும். முன்பணம் கொடுக்காதவர்களுக்கு இம்முறை லாரியில் இடம் கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்