யூடியூபுக்கு முன்பே விசிடி

ஆசிரியருக்கு,

இந்தோனேசியக் கேளிக்கை உலகம் தொலைக்காட்சியிலிருந்து நேரே யூடியூபுக்குத் தாவியது என்கிறது தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. இடையில் இருந்த விசிடி (வீடியோ குறுவட்டு) காலத்தை அது விட்டுவிட்டது. 1962 ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டித் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி டிவிஆர்ஐயும் 1989 முதல் வந்த தனியார் அலைவரிசைகளும் பெரும்பாலும் ஜகார்த்தாவின் ரசனையையே முன்னிறுத்தின. இந்தோனேசிய வெகுஜன இசையான டாங்டுட்டின் வேகமான வகை கோப்லோ. கிழக்கு ஜாவாவின் கல்யாண மேடைகளில் வளர்ந்த அந்த இசை, நேரடி நிகழ்ச்சிகளைப் பதிந்து விற்ற மலிவு விசிடிகளில்தான் ஊர் ஊராகப் பரவியது. 2003இல் பாடகி இனுல் தாராதிஸ்தா நாடறிந்த பெயரானதற்கும் அந்த வட்டுகளே காரணம். கோப்லோ மேடைகளில் பாடிவந்த வியா வாலன், 2018 ஆசியப் போட்டியின் அதிகாரபூர்வப் பாடலையே பாடினார்.

அந்த வட்டுகள் இன்று அழிந்துவருகின்றன. விசிடியின் படம் வெறும் 352×288 புள்ளிகள். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம். கணினித் தரவு வட்டுக்கு உள்ள கூடுதல் பிழைதிருத்தம் இதன் படப்பகுதிக்குக் கிடையாது, ஆழமாகக் கீறல் விழுந்தால் அந்தக் காட்சி போனதுதான். இணையத்தில் ஏற்றுவோர் பலர் 4:3 அகல-உயர விகிதப் படத்தை அகலத்திரை 16:9க்கு இழுத்துவிடுகிறார்கள். கரோக்கே வட்டுகளில் இடது, வலது ஒலித்தடங்களில் ஒன்றில் மட்டுமே குரல் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஏற்றிய பிரதிகளில் பாடகியின் குரல் ஒரு காதில்தான் கேட்கிறது. ஒலி, ஒளிப் பதிவுப் படைப்புகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கக் கோரும் 2018ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் இந்தோனேசியாவில் இருக்கிறது. அந்த நூலகம் சிற்றூர் இசைக்குழுக்களின் வட்டுகளையும் தேடிச் சேர்த்து, மறுசுருக்கம் செய்யாமல் மூலக்கோப்பாகவே படியெடுத்து வைக்க வேண்டும்.