தாயி, அப்பா எழுதுகிறேன்

தாயி, பேரன் காது விஷயத்தைப் போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். வேலைக்கு நடுவில் படிக்காதே, ராத்திரி படி.

ராமநாதபுரத்தில் காது டாக்டரைப் பார்த்து வந்தேன். சங்கு குளித்த காது, அப்புறம் படகு எஞ்சின் சத்தம், மிச்சம் என்ன இருக்கும்? மேசையில் பிளாஸ்டிக் காது ஒன்றை வைத்துக் கழற்றிக் கழற்றிக் காட்டினார். சத்தம் பட்டு செவிப்பறை அதிரும், அது சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பை ஆட்டும். அங்கவடிதான் உடம்பிலேயே சின்ன எலும்பு, 3 மில்லிமீட்டர். அதற்கும் உள்ளே ஒரு சுருள், நம் சங்கை அறுத்தால் தெரிவது மாதிரியே, இரண்டரைச் சுற்று. அதில் இருக்கும் நீர் அலையும்போது மயிர் செல்கள் அசைந்து நரம்பு வழியாக மூளைக்குச் சொல்லுமாம். ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்தான், செத்தால் திரும்ப முளைக்காது. என்னுடையது போனது போனதுதான், அதை விடு.

உன் பிள்ளை சாப்பிடுகிறானா? சந்தியாகப்பர் கோவில் திருவிழாவில் வெடி போட்டபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. அவன் மண்ணில் கிடந்த சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீயும் பார்த்தாய். அம்மா வாயைத் திறந்ததும் எழுந்து போய்விட்டாய்.

ஆம்பளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார் உன் மாமியார். பேசத் தாமதமாகலாம், வெடிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவுமா? தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் முங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதுவோமே, அப்போது திறப்பது தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது அடைத்து உள்ளே நீர் கட்டினாலும் காது மந்தமாகுமாம். அதுவாகவே இருக்கட்டும், ஆனால் டெஸ்ட் எடுத்துவிடு. பெரா என்று சொல்வார்கள். பிள்ளை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் விட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. பெரிய குறையாகவே இருந்தாலும், ஆபரேஷன் செய்து அந்தச் சுருளுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி இருக்கிறது, 6 வயதுக்குள் என்றால் முதல்வர் காப்பீட்டிலேயே வைக்கிறார்கள். ஆனால் எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லாப் பேச்சு வருமாம். அதனால்தான் சொல்கிறேன், டெஸ்ட் எடுத்துவிடு.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நான் வருகிறேன், நெத்திலிக் கருவாடும் எடுத்து வைத்திருக்கிறது. எந்தக் கிழமை என்று மட்டும் சொல்.